ஆடிக் காற்றில் முறிந்த வேப்பங்கிளையில் மலையேறக் கம்பு செய்யலாமா?

மேட்டுக்காட்டான்:

காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றடி வேம்பில் போன வாரக் காற்றுக்கு ஒரு கிளை முறிந்து விழுந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வரும் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் அறைத் தகரத்தையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டது. கிளையில் பெரும்பகுதி அடுப்புக்குத்தான். நடுவில் ஒரு துண்டு மட்டும் ஏழடிக்கு மேலே, அடியில் என் மணிக்கட்டுப் பருமனும் நுனியில் அதைவிடச் சற்றுக் குறைவுமாக, பெரிய கணு எதுவும் இல்லாமல் லேசான ஒரே வளைவோடு இருக்கிறது. அதை அடுப்பில் வைக்க மனம் வரவில்லை.

வருகிற மாசியில் வெள்ளியங்கிரி ஏறப் போகிறேன். அடிவாரத்தில் பூண்டியில் மூங்கில் கம்பு விற்பார்கள், தெரியும். ஏழு மலையும் ஏறி இறங்க அது போதும் என்பதும் தெரியும். ஆனாலும் தோட்டத்து வேம்பு கையோடு வந்தால் நன்றாக இருக்குமே என்று ஓர் ஆசை.

கையில் இருக்கும் கருவிகள்: அரிவாள், கைரம்பம், ஒரு முரட்டு அரம், தாத்தா வைத்திருந்த இழைப்புளி. இழைப்புளியின் தகடு துருப்பிடித்திருக்கிறது, தீட்டிக்கொள்ளலாம். தச்சு வேலை எதுவும் தெரியாது. மண்வெட்டிக்குக் காம்பு போடுவதையே கடையில் கொடுத்துத்தான் செய்கிறேன்.

மரம் பச்சையாக இருக்கும்போதே இழைத்துவிடலாமா, காய வேண்டுமா? வளைவை இழைத்து இழைத்து நேராக்கிவிட முடியுமா? வேம்பு கசப்பு மரம், பூச்சி அண்டாது என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர், அதை நம்பலாமா? இன்னொன்று, ஆடி மாதத்தில் அம்மன் மரத்தில் கத்தி வைக்காதே என்று அம்மா சொல்கிறார். ஆவணி வரை பொறுப்பதால் ஏதும் கெட்டுப்போகுமா?

மொட்டைமாடி:

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? மாடியில் நல்ல வெயிலில் பத்து நாள் போடுங்கள், கட்டை காய்ந்துவிடும். பிறகு இழைப்புளியால் நேராக்கி, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கை வார்னிஷ் அடித்தால் முடிந்தது. நான் வீட்டுக்குத் திரைச்சீலைக் கம்பு அப்படித்தான் செய்தேன்.

காம்புக்காரர்:

தம்பி, மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் அந்தக் கட்டையை நிழலில், தரையில் படாமல் படுக்க வையுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

திரைச்சீலைக் கம்பு செய்தவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். திரைச்சீலைக் கம்பின் மேல் யாரும் தன் உடம்புப் பாரத்தைப் போட்டு மலை இறங்குவதில்லை.

நான் கதவு, நிலை செய்யும் தச்சன் இல்லை. சத்தியமங்கலம் பக்கம் மண்வெட்டிக்கும் கோடாரிக்கும் களைக்கொத்துக்கும் காம்பு போட்டே காலம் போனது. காம்பு வேலை என்றால் மற்ற ஆசாரிகளுக்குக் கொஞ்சம் இளக்காரம். ஆனால் கதவுப் பலகை வெடித்தால் மாற்றிக்கொள்ளலாம். கோடாரிக் காம்பு ஓங்கும்போது முறிந்தால் யார் தலைக்குப் போகும் என்று தெரியாது. அதனால் காம்புக்காரன் மரத்தைப் பார்க்கும் பார்வை வேறு. உங்கள் கம்பும் காம்பு வகையைச் சேர்ந்ததுதான். அப்படியே சொல்கிறேன்.

முதலில், கிளை ஏன் விழுந்தது என்று பாருங்கள். முறிந்த இடம் வெளுப்பாக, ஈரமாக, நார் நாராகக் கிழிந்திருந்தால் நல்ல கிளை காற்றுக்குத் தோற்றிருக்கிறது. பழுப்பாக, பொடிப்பொடியாக இருந்தால் உள்ளே ஏற்கெனவே உளுத்திருக்கிறது. அதை அடுப்புக்கே கொடுங்கள். நல்லதாக இருந்தாலும் கிழிசலை ஒட்டி வெட்டாமல் ஒரு முழம் தள்ளி வெட்டுங்கள். கிழிசல் கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளே நீளமாக ஓடியிருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. முறிவதற்கு முன்னால் கிளை காற்றில் பலமாக வளைந்திருக்கும். வளைவின் உட்பக்கத்தில் நார்கள் நசுங்கி, நாருக்குக் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடு விழும். பட்டை இருக்கும்போது தெரியாது. வழவழப்பாக இழைத்த பிறகு, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தெரியும். நெடுக்கில் விழுந்த வெடிப்பு எனக்குப் பெரிய பயம் தருவதில்லை. குறுக்குக் கோடு ஒன்று இருந்தால் அந்தக் கட்டையை நான் காம்புக்கு எடுக்க மாட்டேன். எச்சரிக்கை இல்லாமல் அந்த இடத்தில் பட்டென்று முறியும்.

இனி மரத்தைக் காயவைப்பது. மரத்தில் இருக்கும் நீர் நாரின் நெடுக்கில்தான் வேகமாக வெளியேறும், அதாவது வெட்டிய இரண்டு முனைகள் வழியாக. முனை காய்ந்து சுருங்கப் பார்க்கும், நடுப்பகுதி ஈரத்தோடு சுருங்காமல் நிற்கும். அந்த இழுபறியில்தான் முனை பிளக்கிறது. ஆகவே வெட்டிய அன்றே முனைகளை அடைக்க வேண்டும். எங்கள் பட்டறையில் சாணத்தையும் செம்மண்ணையும் குழைத்து அப்புவோம். வீட்டில் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் இரண்டு பூச்சுக் கொடுங்கள், அல்லது மெழுகுவத்தியை உருக்கி முனையை முக்குங்கள். எப்படி அடைத்தாலும் முனையில் கொஞ்சம் வெடிக்கத்தான் செய்யும். அதற்காகத்தான் ஏழடியையும் அப்படியே வையுங்கள் என்கிறேன். கடைசியில் இரு பக்கமும் அரையடி அரையடி அறுத்துத் தள்ளினாலும் உங்களுக்கு வேண்டியது மிஞ்சும்.

நடுவில் குருத்தோடு இருக்கும் உருண்டைக் கட்டைக்கு இன்னொரு தொல்லை. மரம் காயும்போது மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு, வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்கும். பலகையாக அறுத்தால் அது கோணிக்கொண்டு தப்பித்துவிடும். உருண்டைக்குத் தப்பிக்க வழி இல்லை, எங்காவது ஒரு பக்கம் நெடுக்கில் வாய் திறக்கும். மணிக்கட்டுப் பருமன் என்பதால், மெதுவாகக் காய்ந்தால் மயிரிழை வெடிப்போடு போய்விடும். மாடி வெயிலில் போட்டாலோ, உங்கள் ஊர் ஆடிக் காற்றில் திறந்த தாழ்வாரத்தில் வைத்தாலோ விரல் நுழையும். மூடிய அறையில் கோணிச்சாக்கு சுற்றி, இரண்டு மூன்று கட்டைகளின் மேல் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைக்க வேண்டாம், வளைவு கூடும்.

பட்டையை உரிப்பதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உரித்துவிடுங்கள். பச்சையில் அரிவாள் முனையால் நெம்பினால் நீள நீளமாக வந்துவிடும். காய்ந்த பிறகு ஒவ்வோர் அங்குலமும் சண்டை. பட்டைக்கு அடியில்தான் பூச்சி முட்டையிடும். உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னதில் பாதி சரி. வேம்பின் வைரம், உள்ளே சிவப்பாக இருக்கிறதே அது, பூச்சிக்கு ஆகாது. ஆனால் மணிக்கட்டுப் பருமனில் உள்ள கிளையில் வைரம் எவ்வளவு இருக்கும்? முனையைப் பாருங்கள், பெரும்பாலும் வெள்ளைக் கட்டையாகத்தான் இருக்கும். வெள்ளையில் மாவுச்சத்து உண்டு. அந்த மாவுச்சத்துதான் உளுவண்டுக்குச் சாப்பாடு.

அம்மா சொன்னதைப் பற்றி: இழைப்பதற்கு ஆவணி வரை என்ன, தை வரை பொறுக்கலாம், நல்லதுதான். முனை அடைப்பதும் பட்டை உரிப்பதும் மட்டும் காத்திருக்காது. அதற்கு மட்டும் அம்மாவிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். கத்தி வைக்காமல் மூங்கில் சிம்பாலும் உரிக்கலாம், பச்சையாக இருந்தால் வரும்.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? தோட்டத்தில் எடை போடும் தராசு இருக்கும். மாதம் ஒருமுறை நிறுத்து, எடையைக் கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். முதலில் மளமளவென்று குறையும். அந்தக் காலத்தில் கட்டை சுருங்காது, குழிகளில் நிற்கும் நீர்தான் போகிறது. ஈரம் முப்பது சதவீத அளவுக்கு இறங்கிய பிறகுதான் சுருக்கமும் வெடிப்பும் தொடங்கும். அதனால் முதல் மாதம் வெடிக்கவில்லையே என்று வெயிலில் எடுத்துப் போடாதீர்கள். எடை அசையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. அங்குலப் பருமனுக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்ற கணக்குக் குளிர்நாட்டுப் பலகைக்குச் சொன்னது. உங்கள் ஊர் வறட்சியில் இந்தப் பருமனுக்கு மாசி வரை இருக்கும் ஆறு மாதம் போதும். கார்த்திகையில் ஒருமுறை, வேண்டிய பருமனைவிட அரை அங்குலம் கூடுதலாக விட்டுச் செதுக்கி வைத்தால் இன்னும் சீராகக் காயும்.

கடைசியாக, வளைவு. இதைத்தான் நீங்கள் மூன்றாம் கேள்வியைப் போலப் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முதல் கேள்வி.

இழைத்து நேராக்கக் கூடாது. வளைந்த கிளையில் நாரும் வளைந்தே ஓடும். நூல் பிடித்து நேர்க்கோடு போட்டு இழைத்தால், நடுவில் ஒரு பக்கமும் முனைகளில் மறு பக்கமும் நார் வெட்டுப்படும். பார்வைக்குக் கம்பு நேராக இருக்கும். உள்ளே நார்கள் சாய்ந்து வெளியே போய் முடிந்திருக்கும். பாரம் விழும்போது அந்தச் சாய்வில் சறுக்கி முறியும். நல்ல காம்பில் ஒரு முனையில் தொடங்கிய நார் மறு முனை வரை போக வேண்டும். அதற்காகக் கொஞ்சம் வளைவு இருந்தால் இருக்கட்டும். உங்கள் கம்பின் பலமே, மேல் நாரை யாரும் வெட்டவில்லை என்பதுதான். பட்டையை எடுத்து, கணுக்களைச் சமன் செய்து, பருமன் வேண்டிய இடத்தில் மட்டும் சுற்றிலும் சீராகக் குறைத்து, வளைவோடு வளைவாகப் போங்கள்.

கிளையை அடிமரத்தின் சின்னத் துண்டு என்று நினைத்துவிடாதீர்கள். கிளை என்பது ஆயுள் முழுவதும் நீட்டிய கையை இறக்காமல் நின்றது. அந்தப் பாரத்தைத் தாங்க அதன் மேல்பக்கத்தில் இழுவிசை கொண்ட ஒருவகைக் கட்டை வளரும். அது காயும்போது நெடுக்கிலும் சுருங்கும், சாதாரணக் கட்டை அப்படிச் சுருங்காது. அதனால்தான் கிளைக்கட்டை காயக் காய மேல்பக்கமாக வளைகிறது. இழைத்தால் அந்தப் பக்கம் பிசிறு பிசிறாக எழும்பும். மரத்தில் இருந்தபோது எது மேல்பக்கம் என்று நினைவிருந்தால் இப்போதே ஒரு கோடு போட்டு வையுங்கள். காய்ந்து வளைந்து அது காட்டப்போகும் குணத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு கருவியை எடுங்கள்.

கல்மூங்கில்:

காம்புக்காரர் ஐயா சொன்னது அத்தனையும் சரி, ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நான் பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்றுத் தருகிறேன். எங்கள் கம்புகள் கல்மூங்கில் அல்லது பிரம்பு. வளைந்த கம்பைத் தூக்கிப் போடுவதில்லை. தணலில் வாட்டி, சூடு ஏறியதும் மரக்கவட்டில் கொடுத்து நெம்பி நிமிர்த்தி, ஆறும் வரை பிடித்திருப்போம். எண்ணெய் தடவி வாட்டினால் கருகாது. வேப்பங்கிளையையும் அப்படி நிமிர்த்தலாமே? நாரை வெட்டாமலே நேராகிவிடும்.

வேப்பங்கம்பில் சிலம்பம் சுற்றலாமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். கனம் அதிகம், மோதினால் அதிர்வு முழுதும் மணிக்கட்டுக்கு வரும், முறிந்தால் கூரான சிம்பு பறக்கும். நடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காம்புக்காரர்:

நல்ல யோசனைதான், செய்யலாம். ஆனால் மூங்கில் இணங்குவது போல் வேம்பு இணங்காது. வேம்பில் நார்கள் ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வாகப் பின்னி ஓடும், சூட்டில் சில இடம் இளகும், சில இடம் அடம்பிடிக்கும். உலர்ந்த தணல் சூடும் போதாது. மரம் இளக ஈரச்சூடு வேண்டும். முழுக்கக் காய்ந்த கட்டையை நெருப்பில் காட்டினால் மேலே கருகும், உள்ளே இளகாது.

செய்வதானால் இப்போது, பாதிப் பச்சையாக இருக்கும்போதே செய்யுங்கள். வளைவு இருக்கும் இடத்தில் நனைத்த சாக்கைச் சுற்றி, தணலுக்கு மேலே சாக்குக் காயாமல் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆவி ஏற்ற வேண்டும். அங்குலப் பருமனுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பிறகு நேரான ஒரு சட்டத்தோடு, வேண்டியதைவிடக் கொஞ்சம் எதிர்ப்பக்கமாகத் தள்ளிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, காயும் வரை அவிழ்க்காமல் விட்டுவிடுங்கள். அவிழ்த்தால் கொஞ்சம் திரும்பி வரும். ஆவி ஏற்ற பி.வி.சி. குழாயைப் பயன்படுத்தச் சொல்லி இணையத்தில் காட்டுகிறார்கள். அது கொதி ஆவியில் துவண்டுவிடும், தகரக் குழாய்தான் சரி.

என்னைக் கேட்டால், லேசான ஒரே வளைவு என்கிறாரே, அதை நிமிர்த்த இவ்வளவு பாடு வேண்டாம். இரண்டு பக்கமும் மாறி மாறி வளைந்திருந்தால்தான் தொல்லை. ஒரே வளைவு என்றால் தலையும் அடியும் ஒரே நேர்க்கோட்டில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால் பாரம் நேராக இறங்கும்.

முழங்கால்:

வணக்கம் அண்ணா. கோவையில் இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். வெள்ளியங்கிரி சீசன் முடிந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எனக்குப் பழக்கம். பெரும்பாலும் இறங்கும்போது வாங்கிய வலிதான்.

எல்லோரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், உயரத்தை யாரும் சொல்லவில்லை. முதியவர்கள் ஊன்றும் கைத்தடிக்குக் கணக்கு வேறு: செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுவரைதான். மலைக்கு அது போதாது. ஏறும்போது கம்பைத் தாழ்வாகப் பிடிப்பீர்கள், இறங்கும்போது கீழ்ப்படியில் ஊன்றி மேலே பிடிப்பீர்கள். அதனால் தோள் உயரம் வரை இருக்கட்டும். அக்குளுக்குக் கீழே போனால் முதல் மலையின் உயரமான கற்படிகளில் இறங்கும்போது குனிய வேண்டி வரும், அது இடுப்புக்குக் கெடுதல். பிடி என்று ஓரிடத்தில் மட்டும் குடைந்து வைக்காதீர்கள். மேலிருந்து ஒன்றரை அடிக்கு எங்கே பிடித்தாலும் வசதியாக இருக்க வேண்டும். பருமன், பெருவிரலும் நடுவிரலும் சுற்றிப் பிடித்தால் தொட்டுக்கொள்ளும் அளவு. அதைவிடப் பருமனாக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் முன்கை பிடித்துக்கொள்ளும்.

ஒரு முழங்காலில் ஏற்கெனவே வலி இருந்தால், கம்பு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். வலது கால் வலிக்கு இடது கை. வலிக்கிற பக்கமே ஊன்றுகிறவர்கள்தான் அதிகம்.

இரவில் ஏறுவதாக இருந்தால் ஒரு கையில் டார்ச் இருக்கும், கம்பை மாற்றிப் பிடிக்க வசதி குறைவு. கனம் முக்கியம். ஐந்தடிக்கு மேல் நீளம், மூன்று சென்டிமீட்டர் பருமன் என்றால் காய்ந்த வேம்பு எண்ணூறு கிராமிலிருந்து ஒரு கிலோ வரை வரும். மூங்கில் இதைவிட நன்றாகவே இலேசு. வீட்டைச் சுற்றி ஒரு வாரம் அதோடு நடந்து பார்த்துவிட்டு மலைக்கு எடுத்துப் போங்கள்.

குன்னூரான்:

இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது காட்டுக்குள் விழுந்து கிடக்கும் கிளையைத் தூக்கி வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு வார்த்தை. காப்புக்காட்டில் தானாக விழுந்த சுள்ளியும் அரசுச் சொத்துதான். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் எடுத்து வந்தால் வழக்குப் போடலாம். சாலையோரப் புளியும் வாகையும் நெடுஞ்சாலைத் துறைக்கோ ஊராட்சிக்கோ சொந்தம், கேட்டு எடுங்கள். சந்தனமும் ஈட்டியும் சொந்தப் பட்டா நிலத்தில் விழுந்தாலும் வனத்துறையிடம் கேட்காமல் தொடாதீர்கள். கேள்வி கேட்டவருக்குச் சொந்தத் தோட்டத்து வேம்பு, அவருக்குச் சிக்கல் இல்லை.

சட்டம் அனுமதித்தாலும் தொடக் கூடாத மரங்களும் உண்டு. அரளி விஷம், கையில் பிடித்து வியர்க்கும் கம்புக்கு ஆகாது. கடற்கரைப் பக்கத்து நண்பர்கள் தில்லை மரத்தை விட்டுவிடுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும்.

மாங்கொல்லை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். போன வருடம் மாமரக் கிளையில் இதே மாதிரி ஒரு கம்பு செய்தேன். இப்போது அதில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள், தரையில் மாவு மாதிரித் தூள். தூக்கிப் போட வேண்டியதுதானா?

காம்புக்காரர்:

உளுவண்டு. மாமரம் முழுக்க வெள்ளைக்கட்டை போலத்தான், அதனால் விரும்பி வரும். ஓட்டை என்பது வண்டு வெளியே போன வாசல். தூளைத் துடைத்துவிட்டு வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். மறுபடி புதுத்தூள் விழுந்தால் உள்ளே இன்னும் புழு இருக்கிறது.

கட்டை காய்ந்ததுதானே, ஆகவே சூடு கொடுக்கலாம். கட்டையின் நடு வரை 56 டிகிரி சூடு அரை மணி நேரம் இருந்தால் பூச்சி செத்துவிடும். கப்பலில் ஏற்றும் மரப்பெட்டிகளுக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் அளவு இதுதான். சித்திரை வெயிலில் தகரத்தின் மேல் வைத்து, கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி, மதியம் முழுவதும் விடுங்கள். ஒரு நாளோடு விடாமல் நாலைந்து நாள் செய்யுங்கள். பிறகு கடையில் போராக்ஸ் என்று விற்கும் வெங்காரத்தை வெந்நீரில் கரைத்து, பழைய எண்ணெய்ப் பூச்சைச் சுரண்டிவிட்டு, மரம் குடிக்கும் மட்டும் பூசுங்கள். வெங்காரம் மழையில் கரைந்து போய்விடும், அதனால் காய்ந்ததும் மேலே எண்ணெய் கொடுக்க வேண்டும்.

அந்தக் கம்பைச் சுண்டிப் பாருங்கள், அல்லது கல்தரையில் செங்குத்தாக ஒரு தட்டுத் தட்டுங்கள். கணீரென்றால் வைத்துக்கொள்ளலாம். பொத்தென்றால் துவரைக்கோ அவரைக்கோ கொழுகொம்பாக நடுங்கள்.

அந்தக் காலத்தில் மூங்கிலையும் இளங்கட்டையையும் குளத்துச் சேற்றில் மாதக்கணக்கில் அமுக்கி வைப்பார்கள். மாவுச்சத்துத் தண்ணீரில் கரைந்து போய்விடும், பிறகு வண்டுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. இப்போது எந்தக் குளத்தில் அத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது?

மேட்டுக்காட்டான்:

ஐயா, தை பிறந்துவிட்டது. எடை கார்த்திகைக் கடைசியிலிருந்து அசையவில்லை. அடி முனையில் மட்டும் நாலு விரல் நீளத்துக்கு வெடிப்பு, அறுத்துத் தள்ளிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே மேல்பக்கக் கோட்டை நோக்கி இன்னும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. தலையும் அடியும் நேர்க்கோட்டில்தான் நிற்கின்றன, அப்படியே விட்டுவிட்டேன். குறுக்குக் கோடு எதுவும் தென்படவில்லை. இழைப்புளி வைத்தால் ஒரு பக்கம் வழவழப்பாக வருகிறது, மறு பக்கம் செதில் செதிலாகப் பிய்கிறது. எந்தத் திசையில் தள்ளினாலும் அதே கதை. மேலே என்ன பூசுவது என்றும் சொல்லுங்கள். அம்மா மஞ்சள் பூசச் சொல்கிறார்.

காம்புக்காரர்:

பின்னிய நாருக்கு இழைப்புளி ஒத்துவராது, கீழே வையுங்கள். கண்ணாடிச் சில்லு எடுத்து, உடைந்த நேர் விளிம்பைக் கட்டையில் சற்றே சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள். துணி சுற்றிப் பிடியுங்கள். சுருள் சுருளாக மெல்லிய சீவல் வரும். தூளாக வந்தால் சில்லு மழுங்கிவிட்டது, வேறு எடுங்கள். எப்படிப்பட்ட நாரானாலும் பிய்க்காது. அப்புறம் உப்புத்தாள், எண்பதில் தொடங்கி இருநூற்று இருபது வரை போதும். எங்கள் அப்பா காலத்தில் உப்புத்தாளுக்குப் பதில் பராய் இலைதான். காய்ந்த இலையின் சொரசொரப்புப் பக்கத்தைத் தேய்ப்பார்கள். உங்கள் பக்கம் பராய் மரம் இருந்தால் தேய்த்துப் பாருங்கள், கடைசி மெருகுக்கு நான் இன்னும் அதைத்தான் விரும்புகிறேன்.

மஞ்சள் பூசுங்கள், நிறம் நன்றாகத்தான் இருக்கும். வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதன்மேல் எண்ணெய். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் மரத்தில் காய்ந்து இறுகாது, பிசுபிசுப்பாகவே இருந்து தூசி பிடிக்கும். பெயிண்ட் கடையில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் கேளுங்கள். துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, கால் மணி கழித்து மிச்சத்தைத் துடைத்து, மறுநாள் வரை காயவிட்டு, இப்படி மூன்று நாலு கை. வார்னிஷ் வேண்டாம். வியர்த்த கைக்கு வழுக்கும், கொப்புளம் போடும்.

இதைக் கவனமாகப் படியுங்கள்: ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது சூடு உண்டாக்கும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள். உங்கள் அறையில் வேறு சாக்கும் சருகும் இருக்கின்றன.

எண்ணெய் வைப்பதற்கு முன் சோதனை. இரு முனைக்கும் செங்கல் கொடுத்து, நடுவில் ஒரு காலை வைத்து மெதுவாகப் பாரத்தை ஏற்றுங்கள். வளைந்து திரும்ப வேண்டும், எந்தச் சத்தமும் வரக் கூடாது. முறிவதானால் மலையில் முறிய வேண்டாம், வாசலில் முறியட்டும். தலையை உருட்டி மழுக்கிவிடுங்கள், குனியும்போது முகத்துக்கு நேரே வரும்.

மேட்டுக்காட்டான்:

சோதனையில் தேறிவிட்டது ஐயா, சத்தமே இல்லை. அடிக்கு உலக்கைப் பூண் மாதிரி இரும்புப் பூண் போடலாமா, ரப்பர் குமிழா? குமிழ் என்றால் மருந்துக் கடையில் கைத்தடிக்குப் போடுவதுதான் கிடைக்கிறது, துளை இருபத்திரண்டு மில்லிமீட்டர். என் கம்பின் அடி முப்பத்தைந்து இருக்கும்.

முழங்கால்:

பாறைக்கு ரப்பர்தான் அண்ணா. வழவழப்பான இரும்பு ஈரப்பாறையில் வழுக்கும். அடியில் இரும்பு வில்லை வைத்த ரப்பராகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கம்பு ரப்பரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இரண்டு வாங்கி ஒன்றைப் பையில் வையுங்கள்.

காம்புக்காரர்:

அவர் சொல்வது சரி, ரப்பரே போடுங்கள். பூண் போட்டால் கட்டை பிளக்காது, அது ஒன்றுதான் அதன் நன்மை. வேண்டுமானால் ரப்பருக்கு மேலே நூல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிப் பசை வையுங்கள், அதே வேலையைச் செய்யும்.

இருபத்திரண்டு மிகச் சிறிது. முப்பத்தைந்தை அந்த அளவுக்குக் குறைத்தால் பாதிக்கு மேல் கட்டை போய்விடும். திருப்பூரிலோ ஈரோட்டிலோ சர்ஜிக்கல் கடைகளில் அக்குள் கட்டைக்குப் போடும் பெரிய குமிழ் கேளுங்கள், அதற்கு ஏற்றபடி கொஞ்சம் இழைத்தால் போதும். எதை வாங்கினாலும், குமிழ் ஏறும் இடத்தை மட்டும் வட்டமாகப் படி வெட்டி ஒல்லியாக்காதீர்கள். அந்தப் படி ஓரத்தில்தான் முறியும். ஒரு சாண் மேலிருந்தே சரிவாக இறக்கிக்கொண்டு வாருங்கள்.